ஏர் பியூரிஃபையரில் பிஎம் 2.5 எண் வரவில்லையா? போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். நொய்டாவில் ஓர் அடுக்குமாடி வீடு. ஏர் பியூரிஃபையர் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. நவம்பர் பிறந்ததிலிருந்து சில நேரம் டிஸ்ப்ளேயில் பிஎம் 2.5 எண் (காற்றில் மிதக்கும் நுண்தூசின் அளவு) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு கோடுகள், சில நேரம் நாள் முழுக்க 001. ஜன்னலைத் திறந்தால் புகை நாற்றம் அடிக்கிறது, அப்போதும் 001தான். ஆப்பிலும் அதே நிலை. வைஃபையை அழித்து மறுபடி இணைத்துப் பார்த்தாகிவிட்டது, ஃபில்டரும் புதிது. சர்வீஸ் சென்டரில் மெயின் போர்டை (மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகை) மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு வீசிங் உண்டு.

மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்தவுடன் எழுந்து போய் ஆட்டோ மோடை நிறுத்திவிட்டு, வேகத்தைக் கையால் கூட்டி வையுங்கள்.

காற்றைச் சுத்தம் செய்வது ஃபேனும், நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும். சென்சாருக்கு அதில் எந்த வேலையும் இல்லை, அது பார்த்துச் சொல்வதோடு சரி. ஆனால் ஆட்டோ மோடில் அது சொல்வதை நம்பித்தான் மெஷின் வேகத்தை முடிவு செய்கிறது. 001 என்று சென்சார் சொன்னால், அறை சுத்தமாக இருக்கிறது என்று மெஷின் எடுத்துக்கொண்டு மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். வெளியே காற்று மூச்சை அடைக்கும் இரவில் உங்கள் மெஷின் சத்தமே இல்லாமல் இருந்தால், அது வேலை செய்வது மாதிரி தெரியும், செய்யாது. இரண்டு கோடுகள் வந்தால் ஏதோ பழுது என்றாவது தெரிகிறது. 001 அப்படித் தெரியாது, ஆகவே ஆபத்து அதில்தான் அதிகம்.

எந்த வேகம் போதும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அம்மா படுக்கும் அறை 150 சதுர அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 1500 கன அடி, அதாவது சுமார் 42 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று ஐந்து முறையாவது ஃபில்டர் வழியாகப் போக வேண்டுமானால் மணிக்கு 210 கன மீட்டர் வேண்டும். மெஷினின் அட்டைப்பெட்டியில் சிஏடிஆர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது. அது முழு வேகத்தில் கிடைக்கும் அளவு. அங்கே 300 என்று இருந்தால், முக்கால் வேகத்தில் ஓட விட்டால் இந்த அறைக்குச் சரியாக இருக்கும். ஸ்லீப் மோடில் அதன் ஒரு சிறு பங்குதான் வரும், அதை இந்த மாதங்களில் நம்பாதீர்கள். கதவும் ஜன்னலும் மூடியிருக்கட்டும். சென்சார் சரியாகும்வரை இப்படியே ஓடட்டும், எண் வராவிட்டாலும் அறைக்காற்று சுத்தமாகும்.

சரி, இனி பழுதுக்கு வருவோம்.

எண் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சென்சார் அளக்கிறது. ஒரு சின்ன வயர் வழியாக மெயின் போர்டுக்குச் சொல்கிறது. போர்டு அதை டிஸ்ப்ளேயில் காட்டுகிறது. இன்னொரு பக்கம் வைஃபை சில்லுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து ரவுட்டர், கம்பெனியின் சர்வர், கடைசியில் உங்கள் கைபேசி. எனவே முதலில் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு மெஷினின் முகத்தைப் பாருங்கள். அதில் எண் சரியாக வந்து ஆப்பில் மட்டும் வரவில்லை என்றால், பிரச்சினை வைஃபைக்கு அந்தப் பக்கம். மெஷினிலேயே வரவில்லை என்றால் ரவுட்டரை நூறு முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. உங்களுக்கு மெஷினிலேயே வரவில்லை. ஆகவே வைஃபையை மறந்துவிடலாம். (ஆப்பில் மட்டும் வராதவர்களுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.)

இப்போது வரும் பெரும்பாலான மெஷின்களில் இருப்பது லேசர் சென்சார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா. அதற்குள் ஒரு குட்டி ஃபேன், ஒரு லேசர், ஒளியை உணரும் ஒரு டயோடு. குட்டி ஃபேன் அறைக்காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றில் வரும் தூசு லேசர் ஒளியின் குறுக்கே போகும்போது ஒளி சிதறுகிறது. காலையில் ஜன்னல் வழியே விழும் வெயிலில் தூசு மின்னுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவேதான் அந்த டப்பாவுக்குள்ளும் நடக்கிறது. சிதறிய ஒளியின் துடிப்புகளை எண்ணி, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசு என்று ஒரு மதிப்பீடு போடுகிறது. 0.3 மைக்ரான் வரை இதற்குக் கண் தெரியும்.

இதில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, காற்று உள்ளே வந்தால்தான் எண்ண முடியும். குட்டி ஃபேன் நின்றுவிட்டாலோ, காற்று நுழையும் துளையை அழுக்கு அடைத்துவிட்டாலோ, லேசரின் குறுக்கே எதுவும் போகாது. சென்சார் பொய் சொல்லவில்லை, அதன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். கணக்கு 0 அல்லது 1 என்று வந்து நிற்கும். உங்கள் 001 இப்படி வருவதாகவே எனக்குப் படுகிறது. இரண்டாவது, எண்ணியதை ஒழுங்காக போர்டுக்குச் சொல்ல வேண்டும். உதாரணமாக, பரவலாகப் பயன்படும் பிளான்டவர் பிஎம்எஸ் 5003 சென்சார் சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை 32 பைட் கொண்ட ஒரு செய்தியை அனுப்பும். அதன் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் மாறாத அடையாளம், கடைசி இரண்டு பைட்டுகள் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு. செய்தி வராமல் போனாலோ, கூட்டுத்தொகை பொருந்தாவிட்டாலோ போர்டு அதை ஏற்காது. அப்போது இரண்டு கோடுகளைக் காட்டும், சில மாடல்களில் பிழைக் குறியீடு காட்டும்.

ஆக கோடுகளும் 001-ம் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக இருக்கலாம், தனித்தனி நோய்களாகவும் இருக்கலாம். எதுவானாலும் இரண்டும் சென்சாரையும் அதன் வயரையும்தான் முதலில் சந்தேகப்படச் சொல்கின்றன. மெயின் போர்டு கெட்டால் பெரும்பாலும் ஃபேன் வேகம், பட்டன்கள், டிஸ்ப்ளே என்று வேறு ஏதாவதும் சேர்ந்து தடுமாறும். மற்ற எல்லாம் நன்றாக ஓடி, எண் மட்டும் போகும்போது நேராக போர்டை மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு முழு மெஷினில் விலை கூடிய பாகங்களில் ஒன்று போர்டு. சென்சார் அதைவிட எவ்வளவோ மலிவு.

பழுதே இல்லாமல் எண் வராமல் இருக்கும் நேரங்களும் உண்டு. மெஷினை ஆன் செய்தவுடன் லேசர் சென்சாருக்கு அரை நிமிடமாவது வேண்டும், குட்டி ஃபேன் வேகம் பிடித்துக் காற்றோட்டம் நிலைப்பதற்கு. அதுவரை கோடுகள் வருவது இயல்பு. ஸ்லீப் மோடில் டிஸ்ப்ளே அணைந்துவிடும். மெஷின் ஆஃபில் இருக்கும்போது பல மாடல்களில் சென்சாரும் உறங்கிவிடும். ஆப்போ கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போயிருக்கும்போது ஆப்பைத் திறந்து வீட்டில் 12தான் என்று நிம்மதிப்படுபவர்கள், அந்த எண் எந்தத் தேதியுடையது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி சோதனை. ஓர் ஊதுபத்தி போதும். கதவு ஜன்னலை மூடி, மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட விட்டு, இரண்டு மூன்று அடி தள்ளி ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். நல்ல சென்சார் ஒரு நிமிடத்துக்குள் எகிறிவிடும், 50, 100, 200 என்று ஏறும். ஊதுபத்தியை அணைத்துவிட்டு வேகத்தைக் கூட்டினால் படிப்படியாக இறங்கும். இந்த ஏற்றமும் இறக்கமும் சரியாக இருந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. ஒரு கெஞ்சல்: புகையை சென்சார் துளைக்கு நேராகக் காட்டாதீர்கள். ஊதுபத்திப் புகையில் பிசுபிசுப்பு உண்டு, அது உள்ளே படிந்தால் துடைக்க வழியே இல்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீடுகளுக்கும் இதையே சொல்வேன். சாம்பிராணி போடும் அரை மணி நேரம் மெஷினை வேறு அறைக்கு நகர்த்திவிடுங்கள், சென்சாருக்கும் நல்லது, ஃபில்டருக்கும் நல்லது. அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் இந்த ஊதுபத்திச் சோதனையை அவர் இல்லாத அறையில் செய்யுங்கள். முடிந்ததும் அறை தெளியும்வரை அவரை உள்ளே வர விடாதீர்கள்.

எண் 001-லேயே நின்றால், காற்று உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சின்ன ஜன்னல் மாதிரி ஒரு சல்லடை இருக்கும், மாடலைப் பொறுத்து ஒரு குட்டி மூடியும் இருக்கும், நகத்தால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பாஞ்சோ வலையோ இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். தலைநகர்ப் பகுதியில் இரண்டரை வருடம் ஓடிய மெஷினில் அது பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல இறுகியிருக்கும். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு திருப்பி வையுங்கள். ஈரத்தோடு வைக்கவே கூடாது. சல்லடையை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வாக்வம் கிளீனரைக் குறைந்த சக்தியில் வைத்து வெளியிலிருந்து இழுங்கள். கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் பந்து ஊதி இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் காற்றை நேரடியாக அடிக்க வேண்டாம். அந்த வேகத்தில் குட்டி ஃபேன் கட்டுமீறிச் சுழன்று அதன் பேரிங் போய்விடும், தூசும் லேசர் இருக்கும் அறைக்குள்ளேயே தள்ளப்படும். சென்சார் டப்பாவைத் திறந்து துடைக்கவும் முயல வேண்டாம். மூடியிருக்கும்வரை அந்த லேசரால் ஆபத்தில்லை, திறந்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. அதோடு உள்ளே இருக்கும் ஒளிப்பாதை ஒரு முடியளவு நகர்ந்தாலும் அளவு தப்பிவிடும்.

பழைய மாடல்கள் சிலவற்றிலும் விலை குறைந்தவற்றிலும் லேசருக்குப் பதில் அகச்சிவப்பு எல்இடி சென்சார் இருக்கும். ஷார்ப் கம்பெனியின் ஜிபி2ஒய் வகை அதில் பேர்போனது. எண் காட்டாமல் நீலம், மஞ்சள், சிவப்பு விளக்கு மட்டும் காட்டும் மெஷின்களில் இவ்வகை இருக்க வாய்ப்பு அதிகம். ஜிபி2ஒய் வகையில் குட்டி ஃபேன் கிடையாது, காற்று தானாகத்தான் உள்ளே வர வேண்டும். இன்னொரு வகையில் சின்ன ஹீட்டர் ஒன்று காற்றைச் சூடாக்கி மேலே எழச் செய்யும், அதனால் மெஷினைப் படுக்க வைத்தால் அளவே வராது. இவற்றில் மூடியைத் திறந்தவுடன் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சற்றே நனைத்து லென்ஸைத் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த குச்சியால் துடைத்துவிட்டால் போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்யச் சொல்லிப் பல கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு, எண் எப்போதும் உச்சத்தில் நிற்பது. அதற்கு ஒரு காரணம் பூச்சி. சென்சார் டப்பாவுக்குள் குட்டிச் சிலந்தி நூல் கட்டிவிட்டால், அந்த நூலே ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருக்கும். அறையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் எண் இறங்காது. ரப்பர் பந்து ஊதியால் மெதுவாக ஊதிப் பார்க்கலாம், போகாவிட்டால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். ஆனால் தீபாவளி இரவில் 500-லோ 999-லோ நின்றால் அதை உடனே பழுது என்று சொல்லாதீர்கள். பல மெஷின்களின் டிஸ்ப்ளேக்கு அதுதான் உச்சவரம்பு. மறுநாள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்த பிறகும் 001 என்றால் குட்டி ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரவில் வீடு அடங்கியதும், மெஷினை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, சென்சார் துளையருகே காதைக் கொண்டுபோங்கள். மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்க வேண்டும். மாடலைப் பொறுத்து சென்சார் சில நிமிடம் ஓடிச் சில நிமிடம் ஓயும், ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கரகரவென்று உரசும் ஒலி வந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஃபேன் நின்றிருக்கலாம், அல்லது சென்சாருக்கு மின்சாரமே போகவில்லை.

ஆயுள் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் மேலே சொன்ன பிஎம்எஸ் 5003-க்கு அதன் தயாரிப்பாளர் தரும் சராசரிப் பழுதில்லாக் காலம் மூன்று வருடமோ அதற்கு மேலோ. தூசு மிகுந்த நகரத்தில், இரவு பகலாக ஓடிய சென்சார் இரண்டரை வருடத்தில் களைத்துப் போவதில் வியப்பில்லை. சென்சார் தேய்கிற பொருள். ஃபில்டரைப் போல அதுவும் ஒருநாள் மாற்ற வேண்டியது என்பதைக் கம்பெனிகள் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கோடுகளுக்கு வருகிறேன். உங்கள் பகுதி அடுக்ககங்களில் மின்சாரம் போனதும் சில விநாடிகளில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும், திரும்பி வரும்போது மறுபடி ஒரு வெட்டு. மின்சாரம் இப்படி வெட்டி வெட்டி வரும்போது, மெயின் போர்டு ஓடிக்கொண்டிருந்தாலும் சென்சாருக்குள் இருக்கும் சின்னச் சில்லு மட்டும் திகைத்து நின்றுவிடலாம். பட்டனை அழுத்தி ஆஃப் செய்து ஆன் செய்தால் இது சரியாகாது, ஏனென்றால் பட்டன் ஆஃபிலும் போர்டுக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். கோடுகள் மறைந்து, அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு திரும்ப வந்தால் காரணம் கிட்டத்தட்ட உறுதி. எந்தெந்த நேரம் கோடுகள் வருகின்றன என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள், மின்வெட்டு நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

ஒத்துப்போகாமல், மெஷினை நகர்த்தும்போதோ தட்டும்போதோ கோடுகள் வந்து போனால் கனெக்டர் தளர்ந்திருக்கிறது. சென்சாரிலிருந்து போர்டுக்குப் போகும் வயரின் முனையில் இருக்கும் வெள்ளைக் கனெக்டர் மிகச் சிறியது, அதன் கால்கள் ஊசி போல. வீடு மாற்றும்போது லாரியில் குலுங்கினாலே போதும். வாரண்டி முடிந்திருந்தால், கருவிகளில் கை பழகியவர் ஒருவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, கனெக்டரை எடுத்து மறுபடி அழுத்திப் பார்க்கலாம். வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

மல்ட்டிமீட்டர் வைத்திருக்கும் டெக்னீஷியனிடம் ஒரே ஒரு அளவை எடுக்கச் சொல்லுங்கள்: சென்சார் கனெக்டரில் எத்தனை வோல்ட் வருகிறது? இந்த வகை சென்சார்களின் குட்டி ஃபேனுக்கு 5 வோல்ட் வேண்டும், 4.5-லிருந்து 5.5 வரை பரவாயில்லை. 5 வோல்ட் ஒழுங்காக வந்தும் சென்சார் பேசவில்லை என்றால் சென்சாரை மாற்றுவதே முதல் வேலை. 3 வோல்ட், 2 வோல்ட் என்று இறங்கி வந்தால், சென்சாரைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கழற்றியதும் 5-க்கு ஏறினால் சிக்கிக்கொண்ட சென்சார்தான் மின்சாரத்தை இழுத்து அமுக்குகிறது. கழற்றிய பிறகும் ஏறவில்லை என்றால் அப்போது போர்டைச் சந்தேகப்படலாம். இந்த ஓர் அளவை எடுக்காமல் போர்டை மாற்றச் சொல்பவரிடம், எந்தச் சோதனையில் இது தெரிந்தது என்று தயங்காமல் கேளுங்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சென்சாரை மட்டும் வாங்கி மாற்ற முடியுமா என்றால், முடியும், அதே மாடல் கிடைத்தால். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட்டும் நேரு பிளேஸும் பக்கம். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். உருவம் ஒன்றாக இருந்தாலும் கனெக்டரில் கால்களின் வரிசை மாறியிருக்கலாம், பேசும் முறையும் மாறியிருக்கலாம். ஏறக்குறைய அதே மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்க வேண்டாம். லேபிளில் இருக்கும் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

மெஷினில் எண் வருகிறது, ஆப்பில் மட்டும் இல்லை என்பவர்களுக்கு இந்தப் பகுதி. பெரும்பாலான பியூரிஃபையர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும். ரவுட்டரை மாற்றியபோது 2.4-ம் 5-ம் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டாலோ, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 மட்டும் என்று மாறிவிட்டாலோ மெஷின் உள்ளே வர முடியாமல் போகலாம். கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைத்திருந்தால் கைபேசியும் மெஷினும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஷாவ்மியின் மி ஹோம் மாதிரி ஆப்களில் எந்த நாட்டு சர்வர் என்று தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. இந்தியா என்று இணைத்துவிட்டு, வெளிநாட்டுக்குக் குடிபோனவர் அங்கே நாட்டை மாற்றினால் மெஷின் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். ஐஃபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைப் பார்க்க ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அனுமதி வேண்டும். அதை ஒரு முறை மறுத்திருந்தால் செட்டிங்ஸில் போய்த்தான் திறக்க வேண்டும்.

ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் அங்கே வரும் சொல்லைக் கவனித்தாலே துப்புக் கிடைக்கும். அன்அவெய்லபிள் என்று வந்தால் மெஷினோடு தொடர்பே இல்லை. அன்நோன் என்று வந்தால் தொடர்பு இருக்கிறது, இந்த ஒரு மதிப்பு மட்டும் வரவில்லை. முதலாவதுக்கு நெட்வொர்க்கைப் பாருங்கள்: ரவுட்டர் ஐபி முகவரியை மாற்றிக் கொடுத்திருக்கும், அதை நிலையாக ஒதுக்கி வையுங்கள். ஷாவ்மி மெஷின்களில், ஆப்பிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் டோக்கன் (மெஷினோடு பேசத் தேவையான ரகசியச் சாவி) மாறிவிடும், பழைய டோக்கனை வைத்துக்கொண்டு எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது. அவை யூடிபி 54321 என்ற நெட்வொர்க் போர்ட் வழியாகப் பேசுபவை, வேறு சப்நெட்டிலிருந்து (நெட்வொர்க்கின் வேறு பிரிவிலிருந்து) வரும் அழைப்புக்குப் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. வீட்டு நெட்வொர்க்கை விலான் என்று தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

சென்சார் சரியான பிறகு நீங்கள் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வியும் எனக்குத் தெரியும்: அரசு நிலையம் ஒன்று சொல்கிறது, மெஷின் வேறொன்று சொல்கிறது, இதுவும் பழுதா? பெரும்பாலும் இல்லை. மெஷின் காட்டும் எண் மைக்ரோகிராமா, ஏக்யூஐயா (காற்றுத் தரக் குறியீடா) என்று முதலில் கையேட்டில் பாருங்கள். பிஎம் 2.5 அளவு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் கணக்கில் ஏக்யூஐ 100. அதே 60, அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டிவிடும். 120 மைக்ரோகிராம் நம் கணக்கில் 300. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்வது 24 மணி நேரச் சராசரி, அதுவும் வெளிக்காற்று. உங்கள் மெஷின் சொல்வது இந்த நொடியில், இந்த மூலையில் உள்ள காற்று.

பனிமூட்டம் இன்னொரு குழப்பம். டிசம்பர், ஜனவரி விடியலில் ஜன்னலைத் திறந்தால் எண் தாறுமாறாக ஏறும், ஏனென்றால் நீர்த்துளியும் லேசருக்குத் தூசுதான். அரசு நிலையக் கருவிகளில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கும் ஏற்பாடு உண்டு, வீட்டு மெஷினில் கிடையாது. அறையில் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் வைத்து அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றினாலும் எண் ஏறும். இங்கே ஈரம் மட்டும் காரணம் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு நிஜமாகவே நுண்தூசாகப் பறக்கிறது. அம்மாவின் அறையில் அப்படி ஒன்று இருந்தால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

மெஷினில் வாயுக்களுக்கு என்று தனி சென்சார் இருந்தால் அது முற்றிலும் வேறு வகை. சூடாக்கப்பட்ட உலோக ஆக்சைடு மேல் வாயு படும்போது அதன் மின்தடை மாறுவதை அளக்கிறது. நிலைகொள்ள நேரம் எடுக்கும், பல மணி நேரம்கூட ஆகலாம். அறையின் வழக்கமான காற்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு கூடுதல் குறைவைச் சொல்வதால், நீண்ட நேரம் பிளக் பிடுங்கி வைத்திருந்துவிட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் உளறும். சானிடைசர், பெயிண்ட், வாசனை ஸ்ப்ரே எல்லாம் அதைத் துள்ள வைக்கும், தூசு எண்ணில் அதே அளவு மாற்றம் தெரியாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும். இன்றே ஆட்டோவை நிறுத்துவது. நாளை பகலில் ஸ்பாஞ்சும் சல்லடையும், பத்து நிமிட பிளக் பிடுங்கல், பிறகு ஊதுபத்தி. அதில் எண் ஏறவில்லை என்றால் இரவில் ரீங்காரத்தைக் கேட்பது. முடிந்தால் பக்கத்து வீட்டு மெஷினை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி அதே அறையில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள், சந்தேகம் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போனால், எண் வரவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், 'புகைக்கு சென்சார் அசையவில்லை, துளை சுத்தம், ஃபேன் ஒலி இல்லை, சென்சாரை மாற்றிக் கொடுங்கள்' என்று குறிப்பாகக் கேட்கலாம். வாங்கிய பில்லை எடுத்துப் போங்கள், சில கம்பெனிகள் மோட்டாருக்கும் மற்ற பாகங்களுக்கும் வெவ்வேறு வாரண்டிக் காலம் கொடுக்கின்றன, உங்களுடையதில் சென்சார் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். அப்படியும் போர்டுதான் என்று காரணம் சொல்லாமல் பிடிவாதம் பிடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். ஊதுபத்திச் சோதனையை வீடியோ எடுத்து வைத்திருந்தால் அங்கே காட்டலாம்.